பரோலோ: அரசர்களின் மதுவும் பசியின் குன்றுகளும்

வடமேற்கு இத்தாலியில், பியெமோந்தே மாநிலத்தின் தென்பகுதிக் குன்றுகளுக்கிடையே, ஆயிரம் பேர்கூட வசிக்காத சிற்றூர் பரோலோ. அவ்வூரின் பெயரைத் தாங்கிய சிவப்பு ஒயினை "ஒயின்களின் அரசன், அரசர்களின் ஒயின்" என்று விளம்பரங்களும் பயணக் கையேடுகளும் ஒரே குரலில் போற்றுகின்றன. அக்டோபரிலும் நவம்பரிலும் உலகின் பல மூலைகளிலிருந்து பயணிகள் இங்கே வந்து குவிகிறார்கள். டூரினிலிருந்து ஆல்பா நகருக்கு வந்து, மண்ணுக்கடியில் விளையும் ட்ரஃபிள் என்னும் வெண்ணிறப் பூஞ்சையின் சந்தையைப் பார்த்துவிட்டு, லா மோர்ரா ஊரின் உச்சியில் நின்று, சீப்பால் வாரிவிட்டதுபோலக் கிடக்கும் திராட்சைச் சரிவுகளைப் படம் பிடித்துக்கொண்டு, மாலையில் பரோலோக் கோட்டைக்கு இறங்குகிறார்கள். கோட்டைக்குள் 2010 முதல் ஒயினுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இவ்வூரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதையில் ஒரு சீமாட்டி வருகிறார், ஒரு மன்னர் வருகிறார், இத்தாலியை ஒன்றிணைத்த பிரதமர் வருகிறார்.

மூவருமே வாழ்ந்தவர்கள்தாம், கதையும் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அது இந்த ஒயினைக் குடித்தவர்களின் வரலாறு. கொடியைக் கவாத்து செய்து, கந்தகம் தூவி, கூடை சுமந்து வாழ்ந்தவர்களின் வரலாறு கோட்டைகளில் கிடைப்பதைவிட இத்தாலிய நாவல்களில்தான் அதிகம் கிடைக்கிறது. இருபதாம் நூற்றாண்டு இத்தாலிய இலக்கியத்தின் இரு பெரும் படைப்பாளிகள், செசாரே பவேஸேயும் பெப்பே ஃபெனோலியோவும், லாங்கே எனப்படும் இந்தக் குன்றுப்பகுதியின் பிள்ளைகள். அவர்களை முதலில் படித்துவிட்டுப் பிறகு இன்றைய பயணக் கையேடுகளைப் புரட்டுகிற வாசகனுக்குச் சிறிது திகைப்பு ஏற்படும். ஒரே ஊர்ப்பெயர்கள், ஒரே சரிவுகள், ஒரே திராட்சை. ஆனால் ஒன்றில் மிச்சேலின் நட்சத்திர உணவகங்கள், மற்றதில் பசி. இரண்டுக்கும் நடுவே இரண்டு தலைமுறைகள்கூட இல்லை.

மண்ணிலிருந்தே தொடங்கலாம். லாங்கே தனாரோ ஆற்றின் வலப்புறத்தில் எழும் குன்றுத்தொடர். சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக் களிமண் இது. பரோலோவும் லா மோர்ராவும் இருக்கும் மேற்குப்பகுதியின் மண் சற்று இளையது. அங்கே விளையும் ஒயின் மென்மையானது. கிழக்கே செர்ராலுங்காவின் மண் பழையது, இறுகியது, ஒயினும் அப்படியே. இந்த மண்ணில் நெபியோலோ என்னும் திராட்சை வகை வேரூன்றியிருக்கிறது. மூடுபனியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பார்கள். அறுவடைக் காலத்தில் பள்ளத்தாக்குகளில் பால்போலப் பனி தேங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வியாக்கியானத்தை மறுக்க மனம் வராது. மற்ற வகைகளுக்கு முன்னரே தளிர்த்து, அவற்றுக்கெல்லாம் பின்னர் பழுக்கும் பிடிவாதக்காரத் திராட்சை இது. நல்ல வெயில் படாத இடத்தில் பழுக்கவே பழுக்காது. மார்ச் மாதத்தில் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோவை நடு என்பது குடியானவர்களின் கணக்கு. தெற்கு நோக்கிய அத்தகைய சரிவுகளை அவர்கள் வட்டாரமொழியில் 'சோரி' என்றார்கள். மற்றச் சரிவுகளுக்கு தோல்செத்தோ, பர்பேரா முதலிய திராட்சைகள். வெயில் படாத பக்கத்துக்குக் கோதுமை, சோளம், ஹேசல் கொட்டை. இன்று போத்தல்களில் பொன்னெழுத்தில் அச்சாகும் சரிவுகளின் பெயர்கள் எல்லாம் இப்படி வெயிலைக் கணக்கிட்ட கண்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவை. 1752 என்ற ஆண்டும் கன்னூபி என்ற சரிவின் பெயரும் பொறித்த ஒரு போத்தல் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பரோலோ என்ற பெயர் ஒயினுக்கு வழங்கப்படுவதற்கு முன்பே அந்தச் சரிவின் பெயர் புகழ்பெற்றிருந்தது என்பதற்கு அது சாட்சி.

ஆனால் அந்த ஒயின் இன்றைய பரோலோவைப்போல இருந்திருக்காது. அமெரிக்காவின் பாரிஸ் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்ஸன் 1787 ஏப்ரலில் டூரினுக்கு வந்தார். அவர் தேடி வந்தது அரிசியை. ஐரோப்பியச் சந்தையில் தம் நாட்டுக் கரோலினா அரிசியைவிடப் பியெமோந்தே அரிசிக்கு ஏன் மதிப்பு என்று அறிய வந்தவர், நெல்லை நாட்டைவிட்டு வெளியே எடுத்துச்சென்றால் மரண தண்டனை என்று தெரிந்தும் சட்டைப்பைகளில் அதை நிரப்பிக்கொண்டு திரும்பினார். பின்னாளில் குடியரசுத் தலைவரான மனிதர் செய்த நெல் கடத்தல்! அந்தப் பயணத்தில் நெபியோலோவைச் சுவைத்துப் பார்த்துக் குறிப்பெழுதினார். இனிப்பு, துவர்ப்பு, கூடவே ஷாம்பேனைப்போன்ற நுரைப்பு என மூன்று சுவைகளையும் ஒரே ஒயினில் கண்டு வியந்திருக்கிறார்.

இனிப்புக்கும் நுரைக்கும் காரணம் எளிது. நெபியோலோ பழுப்பதற்கே அக்டோபர் கடைசி ஆகிவிடும். தொட்டியில் சாறு நொதிக்கத் தொடங்கும்போது குளிர் வந்துவிடும், நொதி உறங்கிவிடும். சர்க்கரை முழுவதும் சாராயமாக மாறாமல் எஞ்சிவிடும். வசந்தத்தில் வெப்பம் ஏறியதும் நொதி விழித்துக்கொண்டு மீண்டும் வேலையைத் தொடங்க, பீப்பாயில் நுரை பொங்கும். இப்படிப்பட்ட ஒயின் நெடும்பயணத்தைத் தாங்காது, ஆண்டுக்கணக்கில் நிற்காது. 'பாரம்பரியம்' என்று இன்று கொண்டாடப்படும், இனிப்பே இல்லாத, பத்திருபது ஆண்டுகள் முதிரக்கூடிய பரோலோவுக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை.

அந்த மாற்றத்தின் கதையில்தான் சீமாட்டி வருகிறார். ஜூலியெத் கொல்பேர், பதினான்காம் லூயியின் நிதியமைச்சர் கொல்பேரின் வம்சத்தவர். பிரெஞ்சுப் புரட்சியில் உறவினரைக் கில்லட்டினுக்குப் பறிகொடுத்த குடும்பம். பரோலோவின் பிரபு தன்கிரேதி ஃபல்லெத்தியை மணந்து, நெப்போலியனின் வீழ்ச்சியை ஒட்டி டூரினில் குடியேறி, இத்தாலியர்களின் நாவில் ஜூலியாவானார். டூரின் சிறைகளில் பெண் கைதிகளின் நிலையைக் கண்டு பதறி, அவர்களுக்காகத் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். 1838-இல் கணவர் இறந்தார்; குழந்தைகள் இல்லை. 1864-இல் அவரும் மறைந்தபோது சொத்து முழுவதும் அவர் நிறுவிய அறநிலையத்துக்குச் சென்றது.

இந்த வீட்டில்தான் சில்வியோ பெல்லிகோ நூலகராக இருந்தார். ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்த குற்றத்துக்காக 1820-இல் கைதாகி, ஸ்பீல்பெர்க் கோட்டைச் சிறையில் வாடி, பத்தாண்டுகள் கழித்து விடுதலையானவர். 1832-இல் அவர் வெளியிட்ட சிறை நினைவுகள் ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டன. ஒரு போரில் தோற்றிருந்தால்கூட ஆஸ்திரியாவுக்கு அவ்வளவு சேதம் ஏற்பட்டிராது என்று சொல்வதுண்டு. சிறையிலிருந்து மீண்டவருக்குச் சிறைக்கைதிகளுக்காக உழைத்த சீமாட்டி அடைக்கலம் தந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கோடைகளில் அவர் பரோலோக் கோட்டையில் தங்கியதுண்டு. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நூலகம் இன்றும் அங்கே இருக்கிறது. கோட்டைக்குப் போகிறவர்கள் ஒயின் கூடங்களில் நேரத்தைக் கழித்துவிட்டு அந்த அறையை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

ஒயினுக்கு வருவோம். டூரின் அரசர் கார்லோ அல்பெர்த்தோ, "உங்கள் ஒயினைப் பற்றிக் கேள்விப்படுகிறேனே தவிர, சுவைத்ததில்லையே" என்று சீமாட்டியிடம் கேட்டதாகவும், சில நாட்களில் பீப்பாய் ஏற்றிய வண்டிகள் வரிசையாக அரண்மனைக்கு வந்ததாகவும் ஒரு கதை. தவக்கால நாட்கள் நாற்பதைக் கழித்து, நாளைக்கு ஒன்றாக 325 பீப்பாய்களாம். இந்தக் கணக்கின் அழகே இது கதை என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. எனினும் அரசருக்கு ஆர்வம் பிறந்தது உண்மை. வெர்தூனோ கோட்டையை வாங்கித் தாமே ஒயின் தயாரிக்கத் தொடங்கினார். பக்கத்துக் கிரின்ஸானேயில் 1832 முதல் 1849 வரை ஊர்த்தலைவராக இருந்த இளைஞர் கமில்லோ கவூரும் தம் குடும்ப நிலத்தில் அதே சோதனைகளில் ஈடுபட்டிருந்தார். 1861-இல் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் பிரதமரான கவூர் அவரேதான்.

நெபியோலோவை முழுவதும் நொதிக்கவைத்து இனிப்பற்ற ஒயினாக்கியவர் யார்? நீண்டகாலமாகச் சொல்லப்பட்ட விடை, லூயி ஊடார் என்ற பிரெஞ்சுக்காரர். பிரான்ஸிலிருந்து ஒரு நிபுணர் வந்து இத்தாலியக் குடியானவனுக்குக் கற்றுக்கொடுத்தார் என்ற கதை விற்பனைக்கும் வசதியானது. அண்மைக்கால ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தோண்டியபோது வேறொருவர் வெளிப்பட்டார்: பாவுலோ ஃபிரான்செஸ்கோ ஸ்தாலியேனோ என்ற படைத்தளபதி. மூடிய தொட்டியில் நொதித்தல், தூய்மை, நிலவறையின் வெப்பநிலை ஆகியவை பற்றி 1835-இல் கையேடு எழுதியவர். கவூருக்கும் பின்னர் அரசருக்கும் ஆலோசகராக இருந்தவர். ஊடார் அடிப்படையில் ஒரு வணிகர். சான்றுகள் தளபதியின் பக்கமே சாய்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பிரெஞ்சு வல்லுநரின் கதைக்கு இன்றும் மவுசு குறையவில்லை.

கார்லோ அல்பெர்த்தோவின் மகன் இரண்டாம் விட்டோரியோ இமானுவேலே தம் காதலி ரோஸா வெர்செல்லானாவுக்காக ஃபொந்தானாஃபிரெத்தா என்ற பண்ணையை அமைத்தார். ரோஸா ஒரு சாதாரணப் படைவீரரின் மகள். பட்டத்தரசி ஆக முடியாத மணம் அது. அவர்களுடைய மகன் 1878-இல் அங்கே பெரிய அளவில் ஒயின் வணிகத்தைத் தொடங்கினார். 'அரசர்களின் ஒயின்' என்ற பாதி வாக்கியத்துக்கு இவையே ஆதாரம்.

அரசர்கள் குடித்த அதே ஆண்டுகளில் சரிவுகளில் என்ன நடந்தது? நிலம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. ஒன்றிரண்டு ஏக்கர் சொந்தமாக வைத்திருந்தவர்கள் ஒரு பக்கம். ஆல்பாவிலோ டூரினிலோ வசித்த வழக்கறிஞர், மருந்துக்கடைக்காரர், பிரபு ஆகியோரின் நிலத்தைப் பாதி வாரத்துக்கு உழுதவர்கள் மறுபக்கம். விளைந்ததில் பாதி நிலக்காரருக்கு. கோழி, முட்டை முதலிய காணிக்கைகள் தனி. வாரதாரருக்கும் கீழே இன்னொரு படி இருந்தது: பண்ணையாள். தன் வீட்டில் சோறு போட முடியாத தகப்பன், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனை ஓராண்டுக் கூலி பேசி வாரதாரரின் வீட்டில் விட்டுவிடுவான். கூலி தகப்பனுக்குப் போகும். பையனுக்குக் கஞ்சியும் தொழுவத்தில் படுக்கையும்.

குடியானவர்களில் பெரும்பாலோர் ஒயினை விற்கவில்லை, திராட்சையை விற்றார்கள். அறுவடை முடிந்ததும் மாட்டு வண்டிகளில் கூடைகளை ஏற்றிக்கொண்டு ஆல்பாவின் சதுக்கத்துக்கு விடியுமுன் வந்து நிற்பார்கள். தரகர்கள் வருவார்கள், பழத்தைக் கிள்ளிப் பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார்கள். வெயில் ஏற ஏறப் பழம் கசியத் தொடங்கும். திரும்பக் கொண்டுபோனால் குப்பைதான் என்பது இரு தரப்புக்கும் தெரியும். மாலையில் தரகர் சொன்னதே விலை. ஆல்பாவில் 1881-இல் தொடங்கப்பட்ட ஒயின் கல்விக்கூடத்தின் முதல் இயக்குநர் தொமித்ஸியோ கவாத்ஸா இந்தக் கண்ணியை அறுக்க முயன்றார். ஆல்பாவுக்கு மறுபுறமுள்ள பர்பரெஸ்கோ ஊரில், இதே நெபியோலோவைப் பயிரிட்ட ஒன்பது பேரைச் சேர்த்து 1894-இல் கூட்டுறவு நிலவறையை அமைத்தார். பாசிச ஆட்சிக்காலத்தில் அது மூடப்பட்டது. மீண்டும் திறக்க 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது முன்னின்றவர் ஊர்ப் பங்குத்தந்தை; பத்தொன்பது குடும்பங்கள் சேர்ந்தன; முதல் மூன்று ஆண்டுகளின் ஒயின் தேவாலயத்தின் அடித்தளத்தில் உருவானது. ஊர் காலியாகிக்கொண்டிருப்பதைக் கண்டு செய்த காரியம் அது. ஊரில் ஆளில்லாவிட்டால் பூசைக்கு யார் வருவார்கள்?

பவேஸே 1908-இல் சாந்தோ ஸ்தெஃபனோ பெல்போவில் பிறந்தார். லாங்கேயின் கிழக்கு விளிம்பு அது, மஸ்கட் திராட்சையின் நிலம். தந்தை டூரினில் நீதிமன்ற ஊழியர். கிராமம் அவருக்குக் கோடை விடுமுறையின் ஊர். 1950-இல் வெளிவந்த 'நிலவும் சொக்கப்பனைகளும்' அவருடைய கடைசி நாவல். அவ்வாண்டு ஆகஸ்டில் டூரின் விடுதியொன்றில் தற்கொலை செய்துகொண்டார். நாவலின் கதைசொல்லி ஓர் அநாதைக் குழந்தை. அலெஸ்ஸாந்திரியா மருத்துவமனை மாதந்தோறும் தரும் சிறு தொகைக்காகவே ஓர் ஏழைக் குடும்பம் அவனை எடுத்து வளர்க்கிறது. அமெரிக்கா சென்று பணம் சம்பாதித்துத் திரும்புகிறான். தான் வளர்ந்த குடிசையில் இப்போது வாலினோ என்ற வாரதாரன் இருக்கிறான். நிலக்காரச் சீமாட்டி விளைச்சலைப் பங்கிட வந்து அவரைக்கும் உருளைக்கிழங்குக்கும் கணக்குப் பார்த்துச் சென்ற அன்று வாலினோவின் மனம் உடைகிறது. வீட்டுப் பெண்களை அடித்துக் கொன்று, வீட்டுக்குத் தீ வைத்து, திராட்சைத் தோட்டத்தில் தூக்கிட்டுக்கொள்கிறான். நொண்டிச் சிறுவன் ஒருவன் மட்டும் தப்புகிறான். பவேஸேயின் வாசகர்கள் இந்நாவலின் தொன்மத் தன்மையை, நெருப்புச் சடங்கின் குறியீட்டை வியந்து பேசுவதுண்டு. எனக்கு அந்த அவரைக்காய்க் கணக்குதான் நெஞ்சில் தைத்தது.

ஃபெனோலியோ வேறு தினுசு. 1922-இல் ஆல்பாவில் ஓர் இறைச்சிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். ஆங்கில இலக்கியத்தின்மீது தீராக் காதல் கொண்டவர். போர்க்காலத்தில் இதே குன்றுகளில் பாசிஸ்டுகளை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்தினார். 1944 அக்டோபர் 10 முதல் நவம்பர் 2 வரை ஆல்பா நகரம் கெரில்லாக்களின் கையில் இருந்தது. அந்த இருபத்துமூன்று நாட்களைச் சற்றும் வீரவழிபாடின்றி எழுதியதற்காகப் பின்னர் ஏச்சும் வாங்கினார். போருக்குப் பின் பிழைப்புக்குச் செய்த வேலை: ஆல்பாவின் ஒயின் நிறுவனமொன்றில் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்து. பகலில் இந்த மண்ணின் ஒயினை விற்க ஏற்றுமதிக் கடிதங்கள். இரவில் இந்த மண்ணின் பசியைப் பற்றி இத்தாலியில் கதைகள். 1963-இல் நாற்பது வயதில் இறக்கும்வரை இதுவே அவர் வாழ்க்கை.

1954-இல் வெளிவந்த அவரது குறுநாவல் 'லா மலோரா'. கேடு, சீரழிவு, நாசம் என்றெல்லாம் பொருள்படும் சொல். லாங்கேயின் மேட்டுப்பகுதியில் கதை நடக்கிறது. அகோஸ்தினோ என்ற பையனை அவன் தந்தை, தொபியா என்ற வாரதாரரிடம் பண்ணையாளாக விடுகிறார். தொபியா கொடியவரல்லர். தனக்கென்று ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டுமென்ற வெறியில் தன்னையும் மனைவியையும் மக்களையும் பண்ணையாளையும் ஒரேவிதமாகப் பிழிகிறார். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேல் ஒரு நெத்திலிக் கருவாடு நூலில் தொங்குகிறது. சோளக்களியை அதன்மேல் உரசி உரசி எல்லோரும் சாப்பிடுகிறார்கள். நாளடைவில் அது மீன் என்ற உருவத்தையே இழந்துவிட்ட பிறகும் உரசல் தொடர்கிறது. இன்று ஆல்பாவின் உணவகங்களில் முதல் தட்டாக அதே நெத்திலி, பசுந்தழைச் சாந்தில் ஊறி வருகிறது. கூட ஒரு கோப்பை நெபியோலோ. கடலோர லிகூரியாவிலிருந்து மலைவழியே உப்போடு உப்பாக வந்த மீன் அது. ஏழைகளுக்குக் கிடைத்த ஒரே கடல்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஃபெனோலியோவின் நிலம் பரோலோவைவிட உயரமானது, குளிர்ந்தது. நெபியோலோ அங்கே பழுக்காது. தாழ்ந்த லாங்கேயின் நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஆனால் அங்கும் மக்கள் தங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்ஸுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள், 1950-களில் டூரினின் ஃபியட் தொழிற்சாலைக்குப் போனார்கள். அந்த வெளியேற்றத்தைப் பதிவு செய்தவர் நூதோ ரெவெல்லி. ருஷ்யப் போர்முனையிலிருந்து பின்வாங்கிய மலைப்படையில் அதிகாரியாக இருந்து, திரும்பி வந்து கெரில்லாவானவர். தோளில் ஒலிப்பதிவுக் கருவியுடன் கூனியோ மாவட்டத்தின் வீடு வீடாக ஏறி இறங்கி, 1977-இல் 'தோற்றவர்களின் உலகம்' என்ற வாய்மொழித் தொகுப்பை வெளியிட்டார். 1985-இல் பெண்களின் வாக்குமூலங்களை மட்டும் தொகுத்து இன்னொரு நூல். அதில் ஓர் அத்தியாயமாக விரியும் செய்தி: லாங்கேயின் பெண்கள் குடியானவனைக் கட்டிக்கொள்ள மறுத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டதால், கல்யாணத் தரகர்கள் புகைப்படங்களோடு தெற்கே கலாப்ரியாவுக்குச் சென்று பெண் பார்த்தார்கள். படத்தை மட்டும் பார்த்துச் சம்மதித்து, ஆயிரம் கிலோமீட்டர் ரயிலில் வந்து, புரியாத வட்டாரமொழியும் மூடுபனியும் மாமியாரும் காத்திருந்த பண்ணைவீடுகளில் அந்தப் பெண்கள் இறங்கினார்கள். பல தோட்டங்கள் காடாகாமல் தப்பியதற்கு அவர்களும் காரணம். பரோலோவின் விளம்பர வரலாற்றில் பிரெஞ்சுச் சீமாட்டிக்கு இருக்கும் இடத்தில் நூற்றில் ஒரு பங்கு இந்தக் கலாப்ரியப் பெண்களுக்கு இல்லை.

இன்னொரு காரணம் மிட்டாய். 1946-இல் ஆல்பாவில் ஃபெர்ரேரோ குடும்பம் தொடங்கிய தொழிற்சாலை, போருக்குப் பின் கோகோ கிடைக்காத நிலையில் குன்றுகளின் ஹேசல் கொட்டையை அரைத்து இனிப்புச் செய்தது. 1964-இல் அது நுதெல்லா ஆனது. ஊர் ஊராகப் பேருந்து அனுப்பித் தொழிலாளரை அழைத்துவந்து மாலையில் திருப்பி விட்டார்கள். ஷிஃப்ட் முடிந்தவர்கள் வீட்டுக்குப் போய்க் கொடியைக் கவாத்து செய்ய முடிந்தது.

1960-களிலிருந்து காட்சி மெதுவாக மாறுகிறது. 1966-இல் பரோலோவுக்குச் சட்டப்படி எல்லை வகுக்கப்பட்டது. 1980-இல் இத்தாலியின் மிக உயர்ந்த தரச்சான்று. ரெனாத்தோ ரத்தி என்பவர் குடியானவர்களின் நாவில் இருந்த சரிவுகளின் தரவரிசையை வரைபடமாக்கினார். பழத்தைச் சந்தையில் விற்றுவந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தம் பெயரிலேயே போத்தலில் அடைக்கத் தொடங்கின. அப்போதுதான் 1986 மார்ச்சில் பேரிடி விழுந்தது. மலிவு ஒயினில் சாராயச் சத்தைக் கூட்டிக்காட்ட மெத்தனால் கலக்கப்பட்டிருந்தது. இத்தாலியில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர், பலர் பார்வை இழந்தனர். நச்சு ஒயின் புறப்பட்ட இடங்களில் ஒன்று நர்சோலே. பரோலோப் பகுதிக்கு எதிரே, தனாரோவின் மறுகரையில். கலப்படம் செய்யப்பட்டது பரோலோவில் அல்ல. ஆனாலும் வெளிநாட்டுச் சந்தை அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. மொத்தமாக விற்பதைவிடக் குறைவாக, பெயரோடு, பொறுப்போடு விற்பதே பிழைக்கும் வழி என்று அதற்கு முன்பிருந்தே சொல்லிவந்த இளைஞர்களின் குரல் அதன்பின் ஓங்கியது.

அவர்களில் ஒருவர் லா மோர்ராவின் எலியோ அல்தாரே. 1976-இல் பிரான்ஸின் பர்கண்டிக்குப் போய், தம்மைப்போன்ற சிறு நிலக்காரர்கள் அங்கே செழிப்பாக வாழ்வதைக் கண்டார். அவர்கள் ஒயினைச் சிறிய புது ஓக் பீப்பாய்களில் முதிரவைத்தார்கள். கோடையில் காய்க்கொத்துகளில் ஒரு பகுதியை வெட்டி எறிந்து, எஞ்சியவற்றில் சத்தைக் கூட்டினார்கள். ஊர் திரும்பிய அல்தாரே 1983-இல் ஒருநாள் தந்தையின் பெரிய பழைய பீப்பாய்களை மின்வாளால் அறுத்துப் போட்டார். தந்தை அவரைச் சொத்துரிமையிலிருந்து விலக்கினார். தந்தை இறந்த பிறகு உடன்பிறந்தவர்களிடமிருந்து அவர் நிலத்தை வாங்க வேண்டியிருந்தது.

'மரபுவாதிகளுக்கும் நவீனவாதிகளுக்கும் இடையே பரோலோப் போர்' என்று ஒயின் பத்திரிகைகள் இதை எழுதின. ஓக்கின் வெனிலா மணம் நல்லதா கெட்டதா என்று பக்கம் பக்கமாக விவாதம் நடந்தது. அறுபட்ட பீப்பாயைக்கூடத் தந்தை மன்னித்திருக்கலாம். வெட்டி மண்ணில் எறியப்பட்ட பசுங்காய்களை அந்தத் தலைமுறையால் மன்னிக்க முடிந்திராது என்றே நினைக்கிறேன். நெத்திலியின் நிழலில் களியை உரசிச் சாப்பிட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். மரத்தில் இருக்கும் பழத்தை வேண்டுமென்றே தரையில் வீழ்த்துவது அவர்களுக்குத் தொழில்நுட்பமாகத் தெரியாது, பாவமாகத் தெரியும். மகனுக்கோ தந்தையின் மிகுவிளைச்சல்தான் பசிக்குக் காரணம். இருவரும் ஒரே பசியிலிருந்து ஓடினார்கள், எதிரெதிர்த் திசைகளில்.

எதிரணியின் முகமாக இருந்தவர் பார்த்தோலோ மஸ்கரெல்லோ. இளமையில் கெரில்லா, 2005-இல் மறையும்வரை பல சரிவுகளின் பழத்தைக் கலந்து, பெரிய பீப்பாயில், நீண்ட நொதிப்பில் ஒயின் செய்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்து தம் போத்தல்களுக்குத் தாமே சீட்டு வரைந்தார். 'சிறு பீப்பாயும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று அவர் எழுதிய சீட்டு இத்தாலி முழுவதும் பேசப்பட்டது. இன்று அந்தச் சண்டை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. நவீனவாதிகள் பெரிய பீப்பாய்க்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். மரபுவாதிகள் கோடையில் காய் குறைக்கிறார்கள்.

2010-இல் பரோலோவின் சரிவுகள் 181 பெயர்களாகச் சட்டத்தில் பதிவாயின. 2014-இல் யுனெஸ்கோ இந்தத் திராட்சை நிலக்காட்சியை உலக மரபுச்செல்வமாக அறிவித்தது. நல்ல சரிவில் ஒரு ஹெக்டேரின் விலை பத்து லட்சம் யூரோவை எப்போதோ தாண்டிவிட்டது. நிலம் வாங்கும் வெறியில் தொபியா சேர்த்த காசை நினைத்துக்கொள்ளுங்கள். லா மோர்ராவுக்குக் கீழே புரூனாத்தே சரிவில் ஒரு சிறிய தேவாலயக் கட்டடம் உண்டு. 1914-இல் எழுப்பப்பட்டது, பூசை நடந்ததே இல்லை. ஆலங்கட்டி மழை வந்தால் தோட்ட வேலைக்காரர்கள் ஒதுங்கி நிற்கப் பயன்பட்டது. 1999-இல் சோல் லெவிட், டேவிட் ட்ரெம்லெட் என்ற இரு கலைஞர்கள் அதற்கு மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வண்ணம் தீட்டினார்கள். இப்போது இப்பகுதியில் அதிகமாகப் படமெடுக்கப்படும் கட்டடங்களில் அதுவும் ஒன்று.

சுற்றியுள்ள சரிவுகளில் இன்று காய் வெட்டுகிறவர்களும் பழம் பறிக்கிறவர்களும் பெரும்பாலும் மாசிடோனியாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். 2024 கோடையில் ஆல்பா வட்டாரத்தில், இத்தகைய தொழிலாளரை அடித்தும் கூலியைப் பிடித்துக்கொண்டும் வேலை வாங்கிய இடைத்தரகர்களைக் காவல்துறை கைது செய்தது. சதுக்கத்தில் பழத்துக்கு விலை பேசிய தரகர் போய், சதுக்கத்தில் ஆளுக்கு விலை பேசும் தரகர்.

பரோலோவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் மிஞ்சினால், ஆல்பாவிலிருந்து தெற்கே சான் பெனதெத்தோ பெல்போவை நோக்கி ஏறும் சாலையில் போய்ப் பார்க்கலாம். ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஃபெனோலியோவின் கதைகள் பல நடப்பது அங்கே. உயரம் கூடக் கூடத் திராட்சைத் தோட்டங்கள் அருகி ஹேசல் தோப்புகள் தொடங்கும். பிறகு செஸ்ட்நட் காடு. காட்டுக்குள் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால், மரங்களுக்கடியில் படிப்படியாகக் கற்சுவர்கள் தெரியும். ஒருகாலத்தில் கோதுமை விதைப்பதற்காகச் சரிவை வெட்டிக் கட்டிய சுவர்கள் அவை.